குளிர்வீட்டு மேசை

வெர்னரை மடையன் என்று சொல்கிறவர்கள் என் காதுபடச் சொல்ல வேண்டாம். மீன் ஏலக்கூடத்தின் கணக்கறையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். மடையர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் கழுத்தில் டை கட்டியிருந்தார்கள். வெர்னர் செய்தது மடத்தனம் இல்லை. நோர்க்ளிட்டில் பிறந்து வளர்ந்த எவரும் என்ன செய்வார்களோ அதைத்தான் அவரும் செய்தார். செய்த இடம்தான் வேறு.

ஜட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில் எங்கள் ஊர் மாதிரி ஊர்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு வருகின்றன. பள்ளிக்கூடம் போயிற்று, மளிகைக்கடை போயிற்று, ஏலக்கூடமும் போய் நானும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இன்னும் போகாமல் நிற்பது குளிர்வீடு. வீட்டுக்கு வீடு குளிர்பெட்டி இல்லாத நாளில் ஊரே கூடிக் கட்டிய கட்டடம் அது. சுவர் நெடுகப் பூட்டுப் போட்ட சின்னச் சின்ன அறைகள், குடும்பத்துக்கு ஒன்று. நடுவில் தகடு அடித்த நீள மேசை. தட்டைமீன் அரிவது, கிறிஸ்துமசுக்குப் பன்றி வெட்டுவது, ரத்தம் பிடித்துக் கிண்டுவது எல்லாம் அந்த மேசையில்தான். வெட்டியதை அவரவர் அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். மேசையில் மிஞ்சிக் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லை. கடைசியாகப் போகிறவர் அதை வாரிக் கடற்காகங்களுக்குக் கொட்டிவிட்டு, வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிட்டுப் போக வேண்டும். எழுதி ஒட்டாத சட்டம். ஆனால் எங்கள் ஊரில் வேறெந்தச் சட்டத்துக்கும் இவ்வளவு மரியாதை கிடையாது.

குளிர்வீட்டின் சாவி வெர்னரிடம்தான் இருந்தது. ஒரு வருஷம் பாதிரியார் பன்றித் தொடை ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, தொலைபேசி வந்ததென்று வெளியே போனார். பேச்சு நீண்டது. திரும்பி வருவதற்குள் மேசை பளபளவென்று இருந்தது, வாசலில் கடற்காகங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மன்னிப்புக் கேட்டது வெர்னர் இல்லை, பாதிரியார். மேசையில் விட்டுப் போனது தன் தப்பு என்று அடுத்த ஞாயிறு கோயிலில் எல்லோர் முன்பும் ஒப்புக்கொண்டார். ஊருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வெர்னரும் அவர் மனைவி தோராவும் இருந்தது மணல்மேட்டின் விளிம்பில். அவர்கள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சாலை, ஒரு உருளைக்கிழங்குத் தோட்டம், இன்னொரு வரிசை வீடுகள் எல்லாம் இருந்தன. கடல் ஒவ்வொன்றாகத் தின்றது. போன குளிர்காலத்தில் சாலை போனது. அதோடு தொலைபேசிக் கம்பியும் இணையமும் போயின. ஒவ்வொரு மாதமும் வெர்னர் அடுப்படிச் சுவரிலிருந்து விளிம்புவரை முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து அளப்பார். தோரா அதை நாட்காட்டியில் குறிப்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பேச்சு. பிள்ளைகள் நார்வேக்குப் போய்விட்டார்கள், பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

வீட்டைக் காப்பாற்ற வழி இல்லாமலில்லை. விளிம்புக்குக் கீழே பாறாங்கல் கொட்டினால் இன்னும் பல வருஷம் தாங்கும். கல் இருந்தது. பழைய படகுத்துறையை இடித்தபோது வந்தது, ஊர்க்காரன் ஐனரின் வயலில் மலைபோல் கிடந்தது. எடுத்துக்கொள் என்று ஐனர் சொல்லிவிட்டான். டிராக்டர் இருந்தது, ஆள் இருந்தது. இல்லாதது நகராட்சியின் அனுமதி ஒன்றுதான். அனுமதிக்கு வருஷத்தில் ஒரு முறைதான் மனு வாங்குவார்கள். அதையும் தாளில் வாங்க மாட்டார்கள். வீட்டின் வரலாறு, கரை அரிப்பின் அளவுகள், படங்கள், பக்கத்து வீட்டாரின் சம்மதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கணினியில் சேர்த்து, கணினி வழியாகவே அனுப்ப வேண்டும். மீன் ஆலையில் நாற்பது வருஷம் கத்தி பிடித்த தோராவின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நடக்கிற காரியமா என்று.

மக்களுக்குச் சிரமம் இருக்கும் என்று நகராட்சிக்கும் தெரிந்திருந்தது. அதனால் கமிலாவை அனுப்பியது. நல்ல பெண்தான், அதை மறுக்கவில்லை. வண்ண வண்ணமாகச் சட்டை போடுவாள், எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். நூலகத்தில் மூன்று கணினிகளை வைத்து, ஊர்க் கிழடுகளைக் கூட்டி, இரண்டு செவ்வாய்க்கிழமை பாடம் நடத்தினாள். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ள என்னை நியமித்தாள். சம்பளமில்லாத வேலை. ஒரு குடுவைக் காப்பியும் வெண்ணெய் பிஸ்கட்டும் நகராட்சி தரும்.

கமிலா எனக்கு இரண்டு விதிகள் போட்டாள். ஒன்று, கற்றுக்கொள்கிறவரின் மவுஸை நான் தொடக் கூடாது. கை துறுதுறுத்தால் அதன் மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இரண்டு, யாருடைய கோப்பையும் நான் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. தனிமனிதரின் விவரங்களாம், பாதுகாப்பாம். ஒருநாள் தோராவின் கோப்பை என் பென்டிரைவில் போட்டு வைக்கட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். கமிலாவின் சிரிப்பு அந்த ஒரு முறைதான் நின்றது. அப்படிச் செய்தால் இந்த உதவி மையத்தையே மூட வேண்டி வரும் என்றாள்.

இனி, பாடம் நடத்த வந்த முதல் நாள் அவள் செய்த காரியம். காலையிலேயே ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். குளிர்வீட்டுக்குள் போய்ப் படமெல்லாம் எடுத்திருக்கிறாள். எங்களிடம் எங்கள் பாஷையில் பேச வேண்டும் என்று ஆசை. கணினியைத் திறந்ததும் முதலில் வருகிற திரையைக் காட்டினாள்.

“பயப்பட ஒண்ணுமே இல்ல. இத உங்க குளிர்வீட்டு மேசைன்னு நெனச்சுக்கோங்க. எல்லாரும் புழங்குற மேசை. சுத்தமா வச்சுக்கணும், அவ்வளவுதான். வேண்டாதத இந்தக் குப்பைத்தொட்டியில போட்டுடலாம்.”

கிழடுகளுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவுதானா என்று தலையாட்டினார்கள். தோரா இழுத்து வந்ததால் வந்திருந்த வெர்னர், தொப்பியைக் கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்பினார். பாடம் முழுவதிலும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“அப்ப கடைசியா போறவர்தான் தொடைக்கணுமா?”

“கரெக்ட்,” என்றாள் கமிலா. “நீ சீக்கிரமே கத்துக்கிட்டுருவ.” எங்கள் நாட்டில் வயது பார்ப்பதில்லை, எல்லோருக்கும் எல்லோரும் நீதான்.

வெர்னர் அடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. தனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்றார்.

தோரா மட்டும் விடாமல் வந்தாள். கோடை முழுக்க வந்தாள். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் அவள் தலைத்துணியை உதறினால் விசைப்பலகையில் மணல் கொட்டும். விசைகள் நறநறவென்று கடிக்கும். மீனின் செவுளில் கட்டைவிரலை நுழைக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் அழுத்துவாள். முதலில் ஒரு எழுத்து அழுத்தினால் ஒரு வரி முழுக்க அதே எழுத்து ஓடும். நான் என் கையின் மேல் உட்கார்ந்திருப்பேன். அவள் என்னைப் பார்த்து முறைப்பாள்.

“ஒனக்கு இது வேடிக்கையா இருக்கா, கெர்டா?”

“எனக்கு உக்காந்து உக்காந்து கை மரத்துப்போச்சு,” என்பேன்.

கோபத்தோடுதான் கற்றுக்கொண்டாள். பழைய நாட்காட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, கயிற்று அளவுகளைக் கட்டம் கட்டமாக ஏற்றினாள். ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்த்து ஸ்கேன் பண்ணினாள். தோட்டம் இருந்தபோது ஒரு படம், சாலை இருந்தபோது ஒரு படம், சாலை இல்லாமல் வேலி அந்தரத்தில் தொங்குகிற படம். பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் நூலகத்துக்கே வந்து கணினியிலேயே சம்மதம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் குளிருக்கு ஸ்பெயின் போகிறவர், போகுமுன் பிடித்து உட்கார வைத்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், சேவ் ஆயிடுச்சா, சேவ் ஆயிடுச்சா என்று கேட்பாள். வீட்டுக்குப் போனால் வெர்னரிடம் முதலில் சொல்வது அதைத்தான். இன்னைக்கும் எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டேன், அப்பா. கோப்புக்கு அவள் வைத்த பெயர் வீடு. திரையின் நடுவில், அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

கடைசி நாளுக்கு முந்தின சனிக்கிழமை வேலை முடிந்தது. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பியாக வேண்டும். இப்போதே அனுப்பிவிடு என்றேன். மாட்டேன் என்றாள். அப்பா படிக்கட்டும், அவர் கயிறு பிடித்த கணக்கு, அவர் பார்க்காமல் போகக் கூடாது என்றாள். எப்படித் திறப்பது, எப்படிக் கீழே கீழே நகர்த்துவது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் ஆள் இருக்காது. ஆனால் எல்லோரிடமும் இருக்கிற மஞ்சள் மருத்துவ அட்டையைக் காட்டினால் கதவு தானே திறக்கும்.

ஞாயிறன்று வெர்னர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முகம் மழித்து, கோயிலுக்குப் போகிற மேல்சட்டை போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, வறுத்த தட்டைமீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, மோசமில்லை என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. கல்யாணத்தன்று தன்னைப் பார்த்துச் சொன்னதற்குப் பிறகு இப்போதுதான் அந்தச் சொல்லைக் கேட்பதாக மறுநாள் காலை தோரா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிக்கொண்டேதான் கணினியைத் திறந்தாள்.

திரையில் ஒன்றும் இல்லை. கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

தோரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். பக்கத்துக் கணினியைத் திறந்து பார்த்தாள். நான் கையின் மேல் உட்காரவில்லை. மவுஸை அவளிடமிருந்து பிடுங்கிக் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். அதுவும் காலி. வெர்னர் வாசலில் நின்று ஷூவிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் அனுப்புகிறதைப் பார்க்க அவரும் வந்திருந்தார்.

“அப்பா, நேத்து நீ என்ன பண்ணுன?”

“படிச்சேன்.”

“படிச்சுட்டு?”

“படிச்சுட்டுத் தொடைச்சேன். வேற யாரும் இல்ல, நாந்தான் கடைசி.”

“வீடுன்னு எழுதியிருந்துச்சே. அதையுமா?”

“மேசையில கெடந்துச்சு, அம்மா. நீதான் தெனமும் சேவ் பண்ணிட்டேன் சேவ் பண்ணிட்டேன்னு சொன்ன. அறையில வச்சுப் பூட்டிட்டன்னு நெனச்சேன். மேசையில கெடக்குறது மிச்சம்தானே.”

“குப்பைத்தொட்டி?”

“மீன்குடலத் தொட்டியில வச்சுட்டா வருவாங்க? நாறாது?” அவர் குரல் அப்போதே தளர்ந்துவிட்டது. “சுத்தமாக் கொட்டிட்டேன்.”

தோரா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். தலைத்துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வெர்னர் வாசல் மிதியடியை விட்டு உள்ளே வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எனக்கு வந்த கோபம் அவர் மேல் வரவே இல்லை. அதை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவதென்று எனக்குத் தெரிந்திருந்தது.

நகராட்சியைக் கூப்பிட்டேன். காத்திருக்கச் சொல்லிப் பியானோ வாசித்தார்கள். மறுபடி வாசித்தார்கள். கடைசியில் கமிலா கிடைத்தாள். நடந்ததைச் சொன்னேன். மிகவும் வருத்தப்பட்டாள், நிஜமாகவே. ஆனால் நூலகக் கணினிகள் எதையும் வேறெங்கும் எடுத்து வைப்பதில்லை, அது மக்களின் பாதுகாப்புக்காக என்றாள். ஒருநாள் தள்ளிப்போடு, தோரா எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிடுவாள் என்றேன்.

“சிஸ்டம் பன்னெண்டு மணிக்குத் தானா மூடிக்கும், கெர்டா. எங்க கையில இல்ல.”

“யார் கையில இருக்கு? அந்தக் கைய எனக்குக் காட்டு.”

“கோபப்படாத. வெர்னர் ரெண்டாவது கிளாசுக்கும் வந்திருந்தா இது நடந்திருக்காது.”

“முதல் கிளாசுக்கு வந்ததாலதான் நடந்துச்சு,” என்றேன். “குளிர்வீட்டு மேசைன்னு அவருகிட்டச் சொன்னது யாரு? அந்த மேசையில நாங்க என்ன பண்றோம்னு ஒரு வார்த்தை கேட்டியா? படம் மட்டும் எடுத்துக்கிட்டுப் போன.”

அவள் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் தோரா எழுந்து நின்று நாற்காலியை வெர்னர் பக்கமாகத் தள்ளியிருந்தாள்.

“உக்காரு. நீயே அடி.”

“எனக்கு வராது, அம்மா.”

“எனக்கும்தான் வராம இருந்துச்சு.”

வெர்னர் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அவர் கணினியின் முன்னால் தொப்பி இல்லாமல் உட்கார்ந்தது அன்றுதான். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்தார். நாட்காட்டி வீட்டில், படங்கள் வீட்டில், ஒரு சம்மதம் ஸ்பெயினில். அதையெல்லாம் மூன்று மணி நேரத்தில் சேர்க்க ஆளில்லை. தோரா ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் திரையில் இருந்தது இவ்வளவுதான்:

கடல் எங்கள் அடுப்படிக்கு வந்துவிட்டது. கல் இருக்கிறது. ஐனரிடம் டிராக்டர் இருக்கிறது. உங்களுக்குச் செலவில்லை. நாங்களே போட்டுக்கொள்ளலாமா? வெர்னரும் தோராவும்.

நான் மவுஸை எடுத்தேன். சேமித்தேன், இணைத்தேன், மூடுவதற்குச் சற்று முன்னால் அனுப்பினேன். விதி என்று யாராவது வந்திருந்தால் அந்த மவுஸாலேயே அடித்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நகராட்சியும் நீ என்றுதான் எழுதும், சிநேகிதம் என்ற நினைப்பு. உன் மனுவுக்கு நன்றி. தேவையான இணைப்புகள் இல்லாததால் உன் மனுவை இந்தச் சுற்றில் பரிசீலிக்க இயலவில்லை. வசந்தகாலத்தில் திறக்கும் அடுத்த சுற்றில் நீ மீண்டும் மனுச் செய்யலாம். உன் நாள் இனிதாகட்டும்.

தோரா அதை என் அடுப்படியில் வைத்து இரண்டு தரம் வாசித்தாள். வசந்தத்தில், என்றாள். வசந்தத்தில் எதைக் காப்பாற்றுவதற்கு என்று யாரிடமும் கேட்காமல் கேட்டாள்.

அன்றைக்கே ஐனர் அவர்கள் வீட்டுக்கு வந்தான். நகராட்சியாவது மண்ணாவது, இரண்டு பகலில் கொட்டிவிடலாம், யார் வந்து எண்ணப் போகிறார்கள் என்றான். டிராக்டரில் முதல் சுமைக் கல்லோடுதான் வந்திருந்தான். வெர்னர் வாசலில் நின்று மறித்தார். அனுமதி இல்லாமல் பொதுக் கரையில் ஒரு கல் வைக்கக் கூடாது, அது ஊர்ச் சொத்து, தனக்காக அதைக் கெடுக்கக் கூடாது என்றார். ஐனர் தொண்டை வற்றப் பேசிப் பார்த்துவிட்டு, டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனான்.

தோரா பேசினது அப்போதுதான்.

“கோப்பத் தொடைச்சதுக்குக்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரல, அப்பா. அது ஒனக்குத் தெரியாமப் போச்சு. இது தெரிஞ்சே பண்ற.”

“சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல.”

“இருக்கு. நமக்கு மட்டும் இருக்கு.”

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்த வீட்டில் பேச்சில்லை. தோரா ரொட்டி அறுத்து வைப்பாள், வெர்னர் தின்பார். காற்று தெற்கிலிருந்து மேற்குக்குத் திரும்பியது. வெர்னர் கயிறு பிடிப்பதை நிறுத்திவிட்டார். பிடிக்கத் தேவையில்லை, ஜன்னலில் நின்றால் நேரே கீழே கடல்.

நவம்பரில் எதிர்பார்த்த புயல் எதிர்பார்த்த நாளிலேயே வந்தது. முந்தின நாள் இருவரும் இரண்டு பெட்டியும் சாக்கு நாட்காட்டிகளும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். விடிந்ததும் போய்ப் பார்த்தோம். அடுப்படி இல்லை. படுக்கையறையின் பூப்போட்ட சுவர்த்தாள் வெட்டவெளியில் படபடத்துக்கொண்டிருந்தது. கூரை முன்பக்கம் குனிந்து நின்றது. அடுத்த இரண்டு முறை கடல் ஏறியபோது அதுவும் இறங்கிவிட்டது. தோரா அழவில்லை. அந்தச் சுவர்த்தாளை ஒட்டின அன்று தனக்கும் அவருக்கும் நடந்த சண்டையைப் பற்றி மட்டும் சொன்னாள்.

கல்லுக்கு அனுமதி கொடுக்க வசந்தம்வரை நேரம் தேவைப்பட்ட நகராட்சிக்கு, இதற்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. தோராவின் கைபேசியில் கடிதம் வந்தது. இப்போதெல்லாம் அவள் தானே திறப்பாள், தானே சேமிப்பாள், மூன்று இடத்தில் பிரதி வைப்பாள். உனக்குச் சொந்தமான கட்டடத்தின் சிதிலங்கள் பொதுக் கடற்கரையில் கிடக்கின்றன. அவற்றை நீ உடனடியாக அகற்றி, கரையைச் சுத்தமான நிலையில் விட்டுச்செல்ல வேண்டும். உன் நாள் இனிதாகட்டும்.

தோரா அதை உரக்க வாசித்தாள். வெர்னர் காப்பியில் சர்க்கரைக் கட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். நனைத்துக்கொண்டே இருந்தார், கட்டி கரைந்து விழுந்துவிட்டது.

சேதி பரவியதும் ஊர் கூடிவிட்டது. அப்படி ஒரு வழக்கம் எங்களுக்கு. ஒருவர் வீட்டுக் குப்பை என்றால் எல்லோரும் வருவார்கள். ஐனர் டிராக்டர் கொண்டுவந்தான், மற்றவர்கள் கம்பி, கயிறு, தள்ளுவண்டி. கீழே செங்கல்லும் ஓடும் மணலில் புதைந்து கிடந்தன. அடுப்பு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கொஞ்சம் தள்ளித் தோராவின் அடுப்படி மேசை நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. வெர்னரும் ஐனரும் அதை முதலில் நிமிர்த்தி நிறுத்தினார்கள். நிமிர்த்தியதும் வெர்னரின் கை தன்பாட்டுக்கு மேசையின் மேல் போயிற்று. பழக்கம். உள்ளங்கையால் மணலை ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கினார். தோரா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாதி மேசையில் கை நின்றது. அந்தக் கையை எடுத்துச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார்.

“டிராக்டர ஓட்டிட்டுப் போ, ஐனர்.”

“என்ன சொல்ற?”

“ஒண்ணையும் எடுக்க வேண்டாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

ஐனர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். சொல்வது வெர்னர்தானா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாண விருந்துக்குப் போனால்கூட மற்றவர் தட்டை அடுக்கி வைத்துவிட்டு வருகிற மனுஷன்.

அந்த நேரத்தில்தான் கமிலா மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். புது ரப்பர் பூட்ஸ், காற்றில் முடி வாயெல்லாம் ஒட்டியிருந்தது. நகராட்சி அவளைத்தான் அனுப்பியிருந்தது, எங்களோடு பழகியவள் என்று. அவள் முகத்தைப் பார்த்தால் ராத்திரி தூங்கினவளாகத் தெரியவில்லை. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வீட்டைப் பற்றி வருத்தம் சொன்னாள். தோராவின் கையைப் பிடித்தாள், தோரா பிடித்துக்கொள்ள விட்டாள், அவ்வளவுதான். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். சுற்றுலாக்காரர்கள் வருகிற கரை, ஆணிகள் இருக்கும், குழந்தைகள் மிதிக்கும். ஒரு நாள் குறித்துக் கொடுத்தால் போதும், தானும் வந்து கூட நிற்பதாகச் சொன்னாள். அவள் வெர்னரைப் பார்த்தாள்.

“நீ சுத்தத்துக்குப் பேர்போனவன்னு ஊரே சொல்லுது, வெர்னர். இத இப்படியே விட்டுட்டுப் போக ஒனக்கே மனசு வராது.”

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பாதி துடைத்த மேசையில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார்.

“பொது மேசை, கமிலா. நீதான் சொல்லிக் கொடுத்த. கடைசியா போறவங்க தொடைப்பாங்க.”

சொல்லிவிட்டுத் தோராவின் பக்கம் திரும்பி, போகலாமா அம்மா என்று கேட்டார். ஐனரின் கல்லை மறித்த நாளுக்குப் பிறகு அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அப்போதுதான். காப்பி ஆறியிருக்கும், வா அப்பா, என்று அவள் அவர் கைக்குள் கையைக் கோத்துக்கொண்டாள். இருவரும் மணலில் ஏறத் தொடங்கினார்கள். ஐனர் டிராக்டரில் ஏறினான். தள்ளுவண்டிக்காரர்கள் வண்டியைத் திருப்பினார்கள். நானும் கிளம்பினேன்.

மேட்டின் மேல் வந்ததும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் வந்துவிட்டோம். கீழே மேசையின் பக்கத்தில் கமிலா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.